பதினொன்றாம் எண் ரத்தம்

ஆய்வகத்தில் அவளைச் சந்தேகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிக் குழாய் கழுவ வந்தவள். ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களைப் பிரிக்கவும், வலி, வீக்கம் என்று சேதி சொல்ல அவை உண்டாக்கும் கொழுப்பு மூலக்கூறுகளைக் கருவியில் இனங்காணவும் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். பதினேழு வருஷமாகத் தன் கையைக்கூட நம்பாததால்தான் நல்ல கை என்று பெயர்.

பதினொன்றாம் எண் ரத்தம் அந்தப் பெயருக்கு உலை வைத்தது. திரையில் அந்த மூலக்கூறுகளில் ஒன்றான லூக்கோட்ரைனின் கூம்பு நிமிர்ந்து நின்றது. இன்னொன்றான புரோஸ்டகிளாண்டின் இருக்கவேண்டிய இடம் துடைத்துவிட்டாற்போல் கிடந்தது.

"அணுக்களைக் கெடுத்துட்டீங்க," என்றார் ஆய்வகத் தலைவர். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மேசையை வேற ஆளுக்குக் கொடுத்திடுவேன்."

கரைப்பானைச் சந்தேகித்தாள், குழாய்களைச் சந்தேகித்தாள், குளிர்பெட்டியைக்கூட விடவில்லை. எல்லாம் சரியாக இருந்தன. பிறகுதான் உறைத்தது: அணுக்கள் கெட்டிருந்தால் இரண்டுமே அல்லவா விழுந்திருக்கும்? ஒன்றை மட்டும் அமுக்குவது வலி மாத்திரையின் வேலை.

ரத்தம் கொடுத்தவன் அவள் வீட்டிலேயே இருந்தான். ஆள் குறைகிறதென்று அவளே கூட்டிவந்த தம்பி; ஆய்வகத்து வண்டி ஓட்டுகிறவன்.

"மாத்திரை எதுவும் போடலன்னு கையெழுத்துப் போட்டியே, நிஜமா?"

"என்னக்கா, போலீஸ் மாதிரி கேக்குற?"

"என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுடா."

அவன் செருப்பைப் பார்த்தான். "முட்டி வலி. காலையில ஒண்ணே ஒண்ணு. முட்டி சரியில்லன்னு வெளிய தெரிஞ்சா வண்டியைப் பிடுங்கிடுவாங்கக்கா."

ஆளைச் சொல்லாமல் சந்தேகத்தை மட்டும் தலைவரிடம் சொன்னாள். மாத்திரையின் வேகம் முழுதாக அடங்கட்டும் என்று, பத்து நாள் கழித்து அதே ஆளிடம் மறுபடி எடுக்கச் சம்மதித்தார். "அதோட முடிவு பண்ணிடுவேன்," என்றார்.

அந்தப் பத்து நாளும் தம்பியின் சட்டைப்பையைத் துழாவினாள், தலையணை உறையை உதறினாள்.

"எனக்கு வரப்போற மாமியாரே தேவலாம்போல!" என்றான் அவன். கைப்பிடியைப் பற்றி அவன் நொண்டிக்கொண்டே படியேறியபோது, மாத்திரைக்காக நடிக்கிறான் என்றே நினைத்தாள்.

பதினோராம் நாள் காலை புது ரத்தம் வந்தது. மதியத்துக்குள் திரையில் இரண்டு கூம்புகளும் எழுந்து நின்றன. தலைவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "பன்னிரண்டாம் எண்ணையும் நீங்களே பாருங்க," என்றார்.

வெளியே தம்பி கால்சட்டையைச் சுருட்டி உட்கார்ந்திருந்தான். முட்டி பந்துபோல் வீங்கியிருந்தது.

"இப்பவாவது ஒண்ணு போட்டுக்கட்டுமாக்கா?"

அவள் குனிந்து தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

"போட்டுக்கோ. வண்டிச் சாவியைக் குடு. டாக்டர்கிட்ட போறோம், நீ ஓட்டவேண்டாம்."