பிடித்த பந்தை மேலே எறிந்தவன்

பந்து பிடிக்கிற தொழிலில் கைக்கு நாலு நொடிதான் வேலை; கவலைக்கு நாள் முழுக்க வேலை. வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களே, நானும் உங்கள் ஆள்தான்.

பனி படிந்த பந்து

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த என்னை சென் தெனியில் ஒரு கிளப் சம்பளத்துக்கு எடுத்தது. விளையாட்டு அமெரிக்கன் புட்போல். நான் ரிசீவர். தூர எறிகிற பந்தைப் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டவேண்டும். பிடித்தபின் நழுவினால் எதிராளி எடுத்துக்கொண்டு ஓடலாம்.

முதல் போட்டியில் எறிந்த பந்து எவ்வளவு உயரம் போனதென்றால், இறங்கும்போது அதில் பனி படிந்திருந்தது. பாய்ந்து பிடித்தேன். ஊரில் பத்து வருடம் கிரிக்கெட் ஆடிய கை சும்மா இருக்குமா? "அவுட்!" என்று கத்தி, பந்தை வானத்துக்கு எறிந்தேன். எதிராளி ஏந்திக்கொண்டு ஓடியே விட்டான். பார்க்க வந்திருந்த பலசரக்குக் கடை ராசா அண்ணை கேட்டார்: "நல்லாத்தானே பிடிச்சனி, பிறகேன்டாப்பா அவனிட்டைக் குடுத்தனி?"

அணைப்பு

கையை அடக்க, பந்தை அணைத்தபடியே மெத்ரோ ரயிலில் போனேன், பூசைக்குப் போனேன், படுத்தேன். மனைவி ஒருநாள் பொறுக்கமுடியாமல் சொன்னாள்: "பெத்த பிள்ளையை ஒருநாளாவது இப்பிடித் தூக்கினனீங்களோ?"

விசில்

முழங்கால் போனபின் பயிற்சியாளன் ஆனேன். இந்த வருடம் தொடர்ந்து நாலு தோல்வி. என் ரிசீவர் அன்ரன், இங்கேயே திரான்சியில் பிறந்த பெடியன். என் பழக்கம் தொற்றிவிடும் என்று பயந்து, கிரிக்கெட் பக்கம் போகாதே என்று தடுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கூசேன்வில் மைதானத்தில் களவாகக் கிரிக்கெட் ஆடுகிறான் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. ஐந்தாவது போட்டிக்கு முன் கிளப் தலைவர் கூப்பிட்டுச் சொன்னார்: "அவன் பந்தை விட்டால், நீங்கள் விசிலை விட்டுவிட்டுப் போகலாம்."

கோடு

கடைசி நிமிடம். மூன்று புள்ளி பின்னால் நிற்கிறோம்; கோட்டைத் தாண்டினால் ஆறு. அன்ரன் பந்தைப் பிடித்தான், அணைத்தான், ஓடினான். கோட்டருகே போனதும் இரண்டு கையாலும் பந்தை மேலே எறிந்தான்! எனக்குக் கண் இருண்டது. கைவிட முன்னமே பந்து கோட்டைத் தாண்டியதா, இல்லையா? நடுவர்கள் கூடிப் பேசினார்கள். பேசி முடியும்வரை பந்து இறங்கவே இல்லை. நம்பாதவர்கள் ராசா அண்ணையைக் கேளுங்கள். கடைசியில் நடுவர் இரண்டு கையையும் உயர்த்தினார். தாண்டிவிட்டானாம்! தலைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்: "வென்றது சரி, இந்தக் கேடுகெட்ட பழக்கத்தை அவனுக்கு யார் பழக்கியது?"

இத்தனை வருடத் தொழிலில் நான் கடைசியாகப் பிடித்து வைத்திருப்பது இந்த விசில் ஒன்றைத்தான். இதை மட்டும் மேலே எறியாமல் வாயில் வைத்து, தலைவர் அடுத்த கேள்வி கேட்குமுன் பலமாக ஊதினேன்.