இரண்டு பேப்பர், ஒரே வாய்

கப்பல்துறை நின்ற வாரம்

ரப்பர் விலை விழுந்த காலம். கம்பெனி கூலியைக் குறைத்தது. கப்பல்துறையில் சாமான் இறக்குகிற நம் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். அந்த வாரம் என் கடையில் நிற்க இடமில்லை. சவரத்துக்கு வந்த கூட்டம் அல்ல, பேப்பர் கேட்க வந்த கூட்டம்.

கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வகுப்போடு படிப்பு சரி எனக்கு. ஒரு கத்தியும் ஒரு கிண்ணமுமாகக் கப்பலிலிருந்து இறங்கி, மரத்தடியில் சவரம் பண்ணி, பினாங்கு ஸ்திரீட்டில் மூன்று நாற்காலி போட்டவன். கிராப்பு வெட்ட இந்த ஊரில் என்னைப்போல் ஆள் கிடையாது, இப்போதும் சொல்வேன். தினமும் இரண்டு பேப்பர் வாங்கின சவரக்கடையும் என்னுடையதுதான். காலையில் இங்கிலீஷ், சாயங்காலம் தமிழ். ஆபீசில் எழுத்து வேலை பார்க்கிற துரைசாமிக் கிராணி இரண்டையும் உரக்கப் படிப்பார், இங்கிலீஷைத் தமிழில் சொல்வார். அதற்கு அவருக்குச் சவரம் சும்மா. இரண்டிலும் ஒன்றுபோல் வந்தால் நம்பு, ஒன்றில் மட்டும் வந்தால் பொறு. இது நான் வைத்த சட்டம். எல்லாரும் மெச்சினார்கள்.

ஒரு காலை கிராணி படித்தார்: கம்பெனி இறங்கி வந்துவிட்டது, நாளைக்கு வேலைக்கு வருகிற யார்மேலும் நடவடிக்கை இல்லை.

கம்பெனித் துரையிடம் ஆட்களுக்காகப் பேசினவன் ஆறுமுகம். கம்பெனி கொடுத்த லயன் வீட்டில் குடியிருந்தான். பெண்சாதி வாயும் வயிறுமாக இருந்தாள்.

“இன்னொரு தடவ படிங்க கிராணியாரே,” என்றான்.

“எத்தன தடவ படிச்சாலும் எழுத்து மாறாதுலா.”

என் பக்கம் திரும்பினான். “அண்ணே, நீங்க என்ன சொல்றீங்க?”

“சாயங்காலப் பேப்பர் வரட்டும் தம்பி.”

வந்தது. அதே சேதி, வரிக்கு வரி. “அப்புறம் என்னடா யோசன? மாப்பிள்ளை மாதிரி போய் நில்லு,” என்றான் கூட்டத்தில் ஒருத்தன்.

“மாப்பிள்ளைன்னா மொதல்ல மொகத்த வழிக்கணுமே,” என்று ஆறுமுகம் சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தான். நானே வழித்துவிட்டேன்.

மறுநாள் கப்பல்துறை கேட்டில் கம்பெனியின் மேஸ்திரியான மண்டோர் நின்று ஆட்களைப் பிரித்தான். மற்றவர்கள் உள்ளே. ஆறுமுகமும் அவனோடு சேர்ந்து பேசினவர்களும் வெளியே. லயன் வீட்டையும் அன்றைக்கே காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். மழையில் ஆறுமுகத்தின் பெண்சாதி தலையில் அண்டாவோடு என் கடை வழியாகத்தான் போனாள்.

அச்சாபீஸில் கேட்டது

நான் யாருக்கும் பயந்தவன் இல்லை. தோளில் போட்ட துண்டோடு நேரே தமிழ்ப் பேப்பர் ஆபீசுக்குப் போனேன். ஆசிரியர் அச்சுக் கோத்துக்கொண்டிருந்தார், விரலெல்லாம் மை.

“ஒங்களுக்கு இத யாரு சொன்னா?”

“இங்கிலீஷ் பேப்பர்ல வந்துச்சு. தமிழ்ல போட்டோம்.”

“அவங்களுக்கு?”

“கம்பெனி ஆபீஸ்ல சொல்லியிருப்பாங்க. நான் ஒத்த ஆளுங்க. எழுதுறதும் நான், அச்சுக் கோக்குறதும் நான். கேட்டுக்கு அனுப்ப ஆளுக்கு எங்க போவேன்?”

சண்டை போடப் போனவன் திரும்பிவிட்டேன். நான் இரண்டு சாட்சி என்று நினைத்தது ஒரே ஆள் சொன்னது. அந்த ஆளும் கம்பெனி ஆள்.

டத்தோ கிராமாட் பக்கம் ஒரு தெரிந்தவர் வீட்டில் அந்தப் பெண்ணுக்குப் பிரசவம் ஆனது. பிள்ளை தங்கவில்லை. ஆறுமுகம் பாலிக் புலாவ் பக்கம் ஜாதிக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். வெகு காலம் கழித்து ஒருநாள் முடி வெட்ட வந்தான். அச்சாபீஸில் கேட்டதைச் சொன்னேன். கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

“பேப்பர விடுங்கண்ணே. இங்கேருந்து கப்பல்துறை கேட்டு நாலு எட்டு நடை. உள்ள நம்ம பேரப் பிரிச்சு வச்சிருக்காங்கன்னு தெரிஞ்ச வாட்ச்மேன் வாசல்லயே ஒக்காந்திருந்தான். அன்னிக்கு ராத்திரி இத்தன பேரு இங்க இருந்தோம். ஒருத்தரும் போய் அவன ஒரு வார்த்த கேக்கல.”

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உங்கள் கடையிலும் நாலு பேர் சேதி பேசுவார்கள், அதை நம்பிப் போவார்கள். எத்தனை பேப்பரில் வந்தது என்று எண்ணாதீர்கள். இதை நேரில் பார்த்தவன் யார், அவன் யாரிடம் சம்பளம் வாங்குகிறான் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் கத்தியை மடித்து வைத்துவிட்டு ஒரு நடை போய்ப் பாருங்கள். அதற்கப்புறம் நான் அப்படித்தான் செய்தேன், கடைசிவரை. ஆறுமுகம் மட்டும் பிறகு பேப்பர் கேட்க வரவில்லை.