இடது கைக்கு ஒரு பாட்டு

நடுவட்டம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் மாரியம்மன் திருவிழா என்றால் ஆர்கெஸ்ட்ரா கட்டாயம் உண்டு. விருப்பப் பாட்டுக் கேட்பவர், யாருக்காகக் கேட்கிறார் என்றும் சொல்லவேண்டும். பாடகர் ஸ்டெபின் இரண்டு பெயரையும் மைக்கில் முழங்குவார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பதால் எல்லா வீட்டுக்கும் கேட்கும்.

பாலன் வருஷா வருஷம் ஒரே பாட்டைத்தான் கேட்பான். இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் கேசட்டோடு கொண்டுவந்த பழைய காதல் தோல்விப் பாட்டு. அதில், விட்டுப் போனவளை நினைத்து ஒருவன் மழையில் நின்று அழுவான். "நம்ம பாலன் அண்ணன், தன்னைத் தவிக்கவிட்டுப் போன ரஞ்சனிக்காக!" என்பார் ஸ்டெபின். கூட்டம் உச்சுக் கொட்டும். அதே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அவன் மனைவி ரஞ்சனி, கூட்டத்துக்குள் தலை குனிந்துகொள்வாள்.

அவள் ஏன் போனாள் என்பது பாட்டில் வராது. சோறு ஆறிப்போனதென்று விறகுக் கட்டையால் அவள் இடது கையை முறித்தான். இன்னொரு நாள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். அடித்து ஓய்ந்ததும் அதே பாட்டைப் போட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுவான், பாவி! அந்தப் பாட்டு அப்படி. அடித்தவனுக்கும் தான்தான் அடிபட்டவன் என்று தோன்ற வைத்துவிடும். கொடுமை என்னவென்றால், ரஞ்சனிக்கும் அது உயிர். சின்ன வயதிலிருந்து முணுமுணுத்த பாட்டு. வீட்டை விட்டு வந்தவளுக்கு, பாட்டையும் அவனுக்கே விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

போன வருஷம் ஸ்டெபின் வாயெடுக்கும் முன்பே மேடை ஏறிவிட்டாள்.

"அண்ணே, மைக்கக் குடுங்க. இந்தவாட்டி அந்தப் பாட்ட நான் கேக்குறேன்."

"யாருக்காகம்மா?"

கோணலாகக் கூடிய கையைத் தூக்கிக் காட்டினாள். "பாலன் ஒடச்ச இந்தக் கைக்காக."

அவளே பாடவும் தொடங்கினாள். பாலன் பாட்டிலை உடைத்துக்கொண்டு மேடையில் பாய்ந்தான். கண்ணாடி அவள் நெற்றியைக் கிழித்தது. ரஞ்சனி மைக் ஸ்டாண்டைப் பிடுங்கி ஓங்கி வீசினாள். தாடை உடைந்து அவன் டிரம்ஸ் மேல் சரிந்தான். எழப் பார்த்தவனைப் பெண்கள் ஏறி மிதித்தார்கள். கண்ணில் ரத்தம் வழிய, விட்ட அடியிலிருந்து அவள் பாட்டைப் பாடி முடித்தாள்.

இந்த வருஷம் அதே பாட்டைக் கேட்டது ஃபாக்டரியில் வேலை செய்யும் ராஜகுமாரி. யாருக்காக என்றார் ஸ்டெபின். அவள் வாயைத் திறந்து காட்டினாள். முன்பல் இரண்டும் இல்லை.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் மெல்ல எழுந்து நழுவப் பார்த்தான்.