ஒளிய இடமில்லாத ஊரில் ஓடுதல்

நல்லேப்பிள்ளியில் ஓடுகிறவனை யாரும் சும்மா விடுவதில்லை. விடிந்ததும் வாய்க்கால் ரோட்டில் ஓடினால், பால் கேனோடு வருகிறவர்கள் வண்டியை நிறுத்துகிறார்கள். "ஏனுங்க, பஸ்ஸை உட்டுட்டீங்களா? ஏறுங்க!" ஓடுவதற்காகவே ஓடுகிறேன் என்றால் நம்புவதில்லை. அதுவும் சரிதான். பாதி நாள் நான் ஓடுவது கழிப்பறையைத் தேடி.

பெருங்குடலில் ஆறாத புண் எனக்கு. கொலைட்டிஸ் என்கிறார்கள். கொஞ்ச நாள் அடங்கிக் கிடக்கும், திடீரென்று ரத்தத்தோடு கிளம்பும். போடிமெட்டுக்குக் கீழே எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவன் நான். அங்கே வயிறு புரட்டினால் நாலு எட்டில் ஏலச்செடிக்குள் மறைந்துவிடலாம். பால் சொசைட்டியில் கொழுப்பு பார்க்கும் வேலைக்கு எல்லை தாண்டி இந்த மலையாளத்து ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, நெல்வயலில் ஒளிய இடமே கிடையாது. பனைமரத்துக்குப் பின்னால் ஒரு ஆள் எவ்வளவுதான் மறைய முடியும்? கழிப்பறை உள்ள இடம் பெட்ரோல் பங்க், அடுத்து பள்ளிவாசல், அதன்பின் ஏழு கிலோமீட்டருக்கு ஒன்றுமில்லை. மலையே இல்லாத இந்த ஊரில் அந்த ஏழு கிலோமீட்டர்தான் எனக்கு மலை.

போடிமெட்டில் போய் முடிகிற ஐம்பது கிலோமீட்டர் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன், படிப்பைச் சாக்கிட்டு பஸ்ஸில் மலையிறங்கிப் போனவன். ஒருமுறையாவது என் காலால் ஏறவேண்டும். அம்மாவுக்கு இது பிடிபடவில்லை. "அந்தத் தண்ணி ஒனக்குச் சேரல, வேலைய விட்டுட்டு வந்துரு. மலை ஏறுறானாம்! நாங்க தெனமும் கூடையத் தூக்கிட்டு ஏறுறோம், எவனாவது மாலை போட்டானா?"

பந்தயம் நடத்துகிறவர்கள் டாக்டர் கையெழுத்து கேட்டார்கள். போனேன். நான் படித்தது தமிழ் மீடியம்; மலையாளம் பாதி காதில் விழும், பாதி ஊகம். புது டாக்டர் வயிற்றை அமுக்கிவிட்டு, "வயற்றீந்நு போயோ?" என்றார். வயிற்றைவிட்டு வலி போய்விட்டதா என்கிறார் போல.

"இல்ல டாக்டர், போகல."

"எத்ர திவசமாயி?" எத்தனை நாளாச்சு என்பது மட்டும் புரிந்தது.

"மூணு வருஷம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஓரத்தில் நின்ற நர்ஸ் அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்துச் சித்தூர்க்காரர், தமிழ் பேசுகிறவர். "தம்பி, வெளிய போனீங்களான்னு கேக்கறாருங்க!"

இன்றைக்கு ஏழு தடவை, ரத்தமும் உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. டாக்டர் மருந்தை மாற்றி எழுதினார், படிவத்தைத் திருப்பித் தந்தார். மூன்று வாரம் ரத்தம் படாமல் இருந்தால் கையெழுத்து, இல்லையென்றால் இல்லை. அதுவரை மெதுவாக ஓடலாம்.

பதினாறாம் நாள் அந்த ஏழு கிலோமீட்டரின் நடுவில் வயிறு திருகியது. கூச்சத்தை விட்டு, முதலில் கண்ணில் பட்ட கேட்டைத் தட்டினேன். வெளியே வந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துச் செம்பில் தண்ணீர் கொண்டுவரத் திரும்பினார். "தண்ணி வேண்டாங்க... பாத்ரூம்," என்றேன். ஒரு கணம் முழித்தவர், கொல்லைப்புறத்தைக் காட்டினார்.

உட்கார்ந்த பிறகு, பயந்து பயந்து குனிந்து பார்த்தேன். ரத்தம் இல்லை. சுவரில் சாய்ந்து மூச்சு விடுகையில் இடுப்புப் பையில் போன் அடித்தது.

"எங்கப்பா இருக்க?" அம்மா.

முன்னால் யாரோ உபயோகித்த சோப்பு. கொடியில் யாருடைய துண்டோ.

"வீட்டுலதாம்மா," என்றேன்.

வெளியிலிருந்து அந்த அம்மாளின் குரல்: "தம்பி, பைப்புல தண்ணி வருதுங்களா?"

போனை ஒரு கையால் பொத்திக்கொண்டு, "வருதுங்க," என்றேன்.