சத்தம் போடாத கார்

எங்கள் ஊரில் மான்கள் மாடுகளைப் போலத்தான். கோட்டை வாசலில் நிற்கும், பஸ் நிலையத்தில் வாழைப்பழத் தோல் தின்னும், கடற்கரையில் கச்சான் கொறிக்கிற பிள்ளைகளின் பின்னால் போகும். வெளியூர்க்காரர்தான் வாயைப் பிளந்துகொண்டு படம் எடுப்பார்கள். கோட்டைக்குக் கிட்ட, ஒழுங்கை ஒன்றுக்குள் எங்கள் வீடு. வாசல் கேற்றின் ஒரு பக்கம் கழன்று வருடக்கணக்காகிறது. திருத்துங்கோ, திருத்துங்கோ என்று கத்தி என் தொண்டை காய்ந்ததுதான் மிச்சம். அந்த வழியால் மான்கள் உள்ளே வந்து, போர்ட்டிக்கோவில் காருக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும்.

முன்பு நின்றது பழைய பெற்றோல் கார். காலையில் சாவியைத் திருப்பினால் இருமும், குலுங்கும், கறுப்பாகப் புகை தள்ளும். என் கணவர் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிலும் அவசரம் கிடையாது. எஞ்சினை ஓடவிட்டுவிட்டு வெளியே நின்று தேத்தண்ணீர் குடிப்பார். அதற்குள் மான்கள் எழும்பி, உடம்பை உதறிக்கொண்டு ஒழுங்கையால் நடந்துவிடும்.

"பாரும், பள்ளிக்கூட மணி அடிச்சாச்சு" என்பார்.

அவருக்கு அது பகிடி. எனக்கோ முட்டு வருத்தம். புகை யன்னலால் அறைக்குள் வர, நான் கட்டிலில் குந்தியிருந்து, பம்பை வாயில் அடித்து அடித்து மூச்சுக்கு மல்லுக்கட்டுவேன்.

நாடே பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த அந்தக் கொடுமையான காலம் ஓய்ந்த பிறகு, ஒருநாள் அதை விற்றுவிட்டு, வேறொருவர் பாவித்த கரண்ட் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். வந்து நின்றது எனக்குக் கேட்கவே இல்லை.

"இஞ்சாரும், வெளியில வந்து பாரும். உமக்காகத்தான்."

"பிள்ளையள் ஓட்டுற சாமான் மாதிரியெல்லோ கிடக்கு" என்று நக்கலடித்தேன். ஆனால் அதன் பிறகுதான் நான் விடியற்காலையில் யன்னலைத் திறந்து வைத்துப் படுக்கத் தொடங்கினேன். எவ்வளவு காலத்துக்குப் பிறகு! மனுசனுக்குப் பெருமை தாங்கவில்லை. சந்திக்குச் சந்தி நின்று ஒரே கதை.

"புகை இல்லை, சத்தம் இல்லை. ஒரு உயிருக்கும் கரைச்சல் இல்லாத வாகனம்."

எதிர்வீட்டு ஓட்டோக்காரர் விடவில்லை. "ஐயா, கரண்ட் என்ன மரத்திலயா காய்க்குது? மேற்குப் பக்கம் கரண்டுக்கு நிலக்கரி எரிக்கினம். உங்கட புகை அங்க போகுது, அவ்வளவுதான்."

"என்ர மனுசி இஞ்சதானே மூச்சு விடுறா" என்று இவர் சிரித்தார்.

மான்களுக்குத்தான் மணி இல்லாமல் போனது. புதுக் கார் மெல்ல முனகுவதற்கு அவை காதைக்கூட ஆட்டவில்லை. ஆகவே இவர் காலையில் போய்க் கை தட்டுவார், "ஓடு, ஓடு" என்பார். அவை வேண்டாவெறுப்பாக எழும்பிப் போகும்.

அன்றைக்கும் தட்டினார். நான் கிளினிக்குப் போக காரின் முன் சீற்றில் இருந்தேன். எப்போதும் வருகிற பெண்மான் ஒன்று எழும்பி கேற்றடிக்குப் போய் நின்றது. இவர் ஏறிப் பின்பக்கமாக எடுத்தார். சில்லு எதிலோ ஏறி இறங்கியது.

"கல்லோ?" என்றார்.

பெண்மான் ஒரு சத்தம் போட்டது. அதைக் கேட்டதும் இரண்டு பேரும் இறங்கினோம். பின் சில்லடியில் குட்டி. புள்ளிகூட இன்னும் சரியாகக் காயாத, பச்சைக் குட்டி. ஐயோ, அது குட்டி போட்டிருந்தது எங்களுக்குத் தெரியாதே!

வனவிலங்கு உத்தியோகத்தர் வந்து செத்த குட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். "புதுக் குட்டி ஐயா. தாய் படுக்க வச்சிட்டுப் போனால் இடி விழுந்தாலும் அசையாது. எந்தக் கார் எண்டாலும் இதுதான் நடந்திருக்கும்."

இவர் கேட்கவில்லை. "பழைய கார் எண்டால் எழும்பியிருக்கும்" என்றார். அதையேதான் பிறகும் சொன்னார்.

பெண்மான் தினமும் வந்தது. அந்தச் சில்லை முகர்ந்து பார்க்கும், நிற்கும், போகும். இவர் சில்லைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினார். அப்படியும் வந்தது. மனுசன் காரைத் தொடுவதை விட்டார். சந்தைக்கும் நடைதான். ஒருநாள் சாப்பிடும்போது, காரை விற்றுப் பெற்றோல் கார் எடுப்போம் என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "அப்ப என்ர மூச்சு? அதையும் சேர்த்து விக்கப் போறியளோ?"

"இதுவும் புகை விடுறதுதானே. இஞ்ச இல்லை, அங்க. பெற்றோல் கார் சத்தமாவது போடும்."

"சத்தத்தை நான் குடிக்கிறதோ!"

அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். சாப்பிடவில்லை. நானும் கையைக் கழுவிவிட்டேன்.

அந்தக் கிழமையே எனக்கு முட்டு வருத்தம் வந்தது. யாரோ குப்பைக்கு நெருப்பு வைத்த புகை. பம்ப் அடித்தும் குறையவில்லை. ஓட்டோக்காரரும் சவாரி போய்விட்டார். இவர் என்னைத் தாங்கிக் கொண்டுவந்து காரில் இருத்தினார். சாவியைக் கையில் எடுத்தவர் ஏறவில்லை. காரைச் சுற்றி நடந்தார். கை தட்டினார். நோகிற முழங்காலை மடக்கி நிலத்தில் குந்தி, ஒவ்வொரு சில்லுக்கும் கீழே கையை விட்டுத் தடவினார். எனக்கு நெஞ்சுக்குள் விசில் அடிக்கிறது, இந்த மனுசன் சில்லைத் தடவுகிறார்! கத்துவதற்கும் மூச்சில்லை. கண்ணாடியில் பார்த்தேன். கேற்றடியில் அந்தப் பெண்மான் நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஏறினார். ஹோர்னில் கையை வைத்தார். எடுக்கவே இல்லை. ஹோர்ன் அடிக்கிறவர்களைக் காட்டான் என்று ஏசுகிற ஆள், ஒழுங்கை முழுக்க, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும், அலறவிட்டுக்கொண்டே ஓட்டினார். சனம் வெளியே ஓடி வந்து பார்த்தது. பெண்மான் பாய்ந்து விலகிப் போனது. அது பிறகு எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

ஆஸ்பத்திரியில் மூக்குக்கும் வாய்க்கும் முகமூடி போட்டு மருந்துப் புகை பிடிக்க விட்டார்கள். இவர் பக்கத்தில் வந்து நின்று என் கையைப் பிடித்தார்.

"ஹோர்ன் சத்தம் உமக்குக் கரைச்சலா இருந்ததோ?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அண்டைக்கும் ஒருக்கா இப்பிடி அடிச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அவ்வளவு சனத்துக்கு முன்னால் அழுதார்.

இடி விழுந்தாலும் அசையாது என்று அந்த உத்தியோகத்தர் சொன்னதை நினைவுபடுத்தத்தான் வாயெடுத்தேன். முகமூடிக்குள் மூச்சு நன்றாக வந்துகொண்டிருந்தது. பேச்சுத்தான் வரவில்லை.