நாய் வரலாம், குதிரை வரலாம்

இருந்த மாட்டை வெளியே துரத்திவிட்டு, அதே கொட்டகை வாசலில் நாய்க்கும் குதிரைக்கும் வரவேற்புப் பலகை மாட்டியவர் இந்த ஜில்லாவிலேயே என் வீட்டுக்காரர் ஒருவராகத்தான் இருப்பார்.

மைசூரில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பக்கம் கால்வாய் ஓரத்தில் எங்களுக்கிருந்த நிலத்துக்கே குடிவந்துவிட்டோம். வந்த நாள் முதல் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, பட்டணத்து ஜனங்கள் மாட்டுக்கொட்டகையில் தங்க ஆசைப்படுகிறார்கள் என்றார். ஆசைப்பட்டால் படட்டும், நம் கொட்டகையில்தான் ஏற்கெனவே ஆள் இருக்கிறதே என்றேன். ஆள் என்று நான் சொன்னது என் பசுவை.

அவள் பர்கூர் மலை மாடு. ஹனூரில் என் பிறந்த வீட்டிலிருந்து கன்றுக்குட்டியாக டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழி நெடுக என் மடியில்தான் தலை வைத்திருந்தாள். செவலை உடம்பில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டுகள். அந்த மலை மாடுகளுக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். பால் கொஞ்சம், முறைப்பு நிறைய.

“உன்ற ஊருப் பொம்பளைகளாட்டவே இருக்குது” என்பார் அவர். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வேலை தொடங்கியது. கொட்டகையின் கல்தூண்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். ஓடு மாற்றினார்கள், கீழே கடப்பைக்கல் போட்டார்கள், கட்டில் வந்தது, திரைச்சீலை வந்தது. மாடு கழனித்தண்ணீர் குடிக்கும் கல்தொட்டியை மட்டும் எடுக்கவில்லை. அதற்கு மேலே ஒரு பித்தளைக் குழாயும் பெரிய கண்ணாடியும் வைத்து, விருந்தாளிகள் முகம் கழுவும் இடமாக்கிவிட்டார்.

“பழசு மாறாம இருக்கோணும் புள்ள. அதைப் பாக்கத்தான் ஜனங்க வருவாங்க” என்று எனக்கு விளக்கம் வேறு.

பழசு மாறக்கூடாது என்றவர், பழைய குடித்தனக்காரியை மட்டும் தோட்டத்தின் கடைசியில், தென்னைகளுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒரு தகரக்கூரையின் கீழ் கொண்டுபோய்க் கட்டினார். விருந்தாளிகள் கூட்டிவரப் போகும் குதிரைக்கோ கொட்டகையை ஒட்டியே ஓடு போட்ட லாயம், அதில் ஒரு புது மின்விசிறி. எங்கள் படுக்கையறையில் மின்விசிறி எந்த நேரமும் கடகடவென்று அடித்துக்கொள்ளும். அதைக் கேட்பார் இல்லை.

ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் கிண்டல் செய்தார்கள். தசரா யானைக்கும் அறை உண்டா என்று பக்கத்துக் கரும்புத் தோட்டக்காரர் கேட்டார். என் வீட்டுக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காதில் போட்டுக்கொள்ளாத இன்னொரு ஜீவன் என் பசு. மேய்ச்சல் முடிந்து வரும்போதெல்லாம் தகரக்கூரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நேராகப் பழைய கொட்டகை வாசலில் போய் நிற்பாள். ஒரு நாள் கதவைக் கொம்பால் தள்ளி உள்ளே புகுந்து, புதுத் திரைச்சீலையில் பாதியை மென்றுவிட்டாள். அன்றைக்குத்தான் அவர் அதைச் சொன்னார்.

“இந்தா பாரு. விருந்தாளி இருக்கறப்ப இது ஒருக்கா உள்ள நொழஞ்சுதுன்னா, அடுத்த சந்தைக்கு ஓட்டீருவேன்.”

அவர் கத்தினால் எனக்குப் பயமில்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் கத்தலுக்குக் கத்தல் நானும் கொடுத்தே வந்திருக்கிறேன். அன்றைக்கு அவர் கத்தவில்லை, மெதுவாகச் சொன்னார்.

முதல் விருந்தாளிகள் சங்கராந்தி அன்று காலையில் வந்தார்கள். மைசூரிலிருந்து ஓர் இளம் தம்பதி. காரில் ஒரு லாப்ரடார் நாய், பின்னாலேயே லாரியில் ஒரு குதிரை. பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற குதிரையாம், அந்தப் பெண் வாங்கி வளர்க்கிறாள். தமிழ் வீட்டுப் பெண்தான், பாதிக்குப் பாதி கன்னடம் கலந்து பேசினாள். குதிரை லாரியிலிருந்து இறங்கியபோது ஊரே எங்கள் வேலியோரம் நின்றது. என் வீட்டுக்காரர் தானே பந்தயத்தில் ஜெயித்த மாதிரி நடந்தார்.

அந்தப் பெருமை மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. லாயத்துக்குள் விட்டதிலிருந்து குதிரை சுற்றிச் சுற்றி வந்தது. கனைத்தது, கதவை உதைத்தது. மின்விசிறிக்குக் கீழேயே வேர்த்து வழிந்தது. போட்ட கொள்ளுப்பயறில் வாய் வைக்கவில்லை. பாட்டுக் கேட்டால் அடங்கும் என்று என் வீட்டுக்காரர் ரேடியோவைக் கொண்டுவந்து வைத்தார். உதை இரண்டு மடங்கானது.

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. “ரைடிங் ஸ்கூல்ல அக்கபக்க குதுரைங்க இருக்கும் ஆன்ட்டி. தனியா இருந்து அப்யாசமே இல்ல இதுக்கு. சாயங்காலம் வரைக்கும் பாக்கறோம். சரியாகலேன்னா வாபஸ் போயிடறோம்.”

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் என் கவலை அன்றைக்கு வேறு.

எங்கள் பக்கத்தில் சங்கராந்தி மாலையில் மாடுகளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, கொம்பில் பலூன் கட்டி, தெருவில் வைக்கோலைப் பரப்பித் தீ மூட்டித் தாண்ட விடுவார்கள். கிச்சு என்று பெயர். தாண்டிய மாட்டை வருஷம் முழுக்க நோய் அண்டாது என்பது நம்பிக்கை. இந்த வருஷம் வேண்டாம் என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். அதற்குக் காரணம் இருந்தது. தீயைத் தாண்டிய மாடு எங்கேயும் நிற்காது, தலைதெறிக்க ஓடி வீட்டுக் கட்டுத்தறியில்தான் போய் நிற்கும்.

“குதிரைக்கு விசிறி போட்டாச்சு, நாய்க்கு மெத்தை போட்டாச்சு. எம்மாட்டுக்கு வருசத்துக்கொரு நெருப்புக்கூடக் கெடையாதுங்களா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஓட்டிக்கொண்டு போனேன்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு மாட்டோடு ஓடுவதுதான் வழக்கம். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். அவள் தீயைத் தாண்டினாள். நான் தீயைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். கயிறு என் கையில் இல்லை.

பிறகு அவள் செய்தது வருஷா வருஷம் செய்வதுதான். நேராக வீட்டுக்கு ஓடினாள். அவளுக்கு வீடு எது என்பதில் சந்தேகம் எங்களுக்குத்தான்.

நான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது அந்தப் பெண்ணின் கணவர் கல்தொட்டியில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். சோப்பு நுரையோடு நிமிர்ந்தார். கண்ணாடியில் அவர் தலைக்குப் பின்னால் இரண்டு கொம்பு, இரண்டு பலூன். மறுநொடி அவர் கட்டிலின் மேல் நின்றார். நாய் முன்பே கட்டிலுக்கு அடியில் போய்விட்டிருந்தது. என் பசு யாரையும் பொருட்படுத்தாமல் தன் தொட்டியில் வாயை வைத்துச் சோப்புத் தண்ணீரை உறிஞ்சிப் பார்த்து, தும்மினாள்.

வாசலில் என் வீட்டுக்காரர். இப்போதும் கத்தவில்லை. “சந்தை” என்றார், அவ்வளவுதான்.

“அவளை ஏத்தற வண்டியில எனக்கும் எடம் சொல்லுங்க. நானும் ஹனூருக்கே போறேன்” என்றேன். அழக்கூடாது என்றுதான் இருந்தேன், அழுதுவிட்டேன். பட்டணத்து மனிதர் கட்டில் மேல் நின்றபடியே, “பரவால்ல ஆன்ட்டி, பரவால்ல” என்றார்.

கயிற்றைப் பிடித்து அவளை வெளியே இழுத்து வந்தேன். தென்னைப் பக்கம் போக லாயத்தைத் தாண்டித்தான் வழி. குதிரை உதைப்பதை நிறுத்தியது. கழுத்தைக் கதவுக்கு மேலே நீட்டியது. என் பசு நின்று முறைத்து, கொம்பை ஆட்டினாள். ஒரு பலூன் கதவில் உரசிப் படாரென்று வெடித்தது. எல்லாரும் துள்ளினோம், குதிரை மட்டும் துள்ளவில்லை. மூக்கை அவள் நெற்றியில் வைத்து மோந்தது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு அந்த மூக்கை ஒரு நக்கு நக்கினாள். குதிரை ஒரு பெருமூச்சு விட்டுத் தலையைக் குனிந்து கொள்ளைத் தின்னத் தொடங்கியது.

நான் பசுவை அப்பால் இழுத்தேன். கனைப்பு. திரும்பக் கொண்டுவந்தேன். அமைதி. என் வீட்டுக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. கயிற்றைப் பிடுங்கி, தானே தென்னை வரைக்கும் ஓட்டிப் போனார். லாயக் கதவு பெயர்ந்து விழுவதற்குள் ஓடி வந்தார்.

“ஆன்ட்டி, ப்ளீஸ், ஹசுவ இங்கயே கட்டுங்க” என்றாள் அந்தப் பெண், என் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு.

லாயத்தில் இடம் தாராளமாக இருந்தது. அன்றைக்கு என் பசு மின்விசிறிக்குக் கீழே படுத்து அசைபோட்டாள். மிச்சமிருந்த ஒரு பலூன் அவள் கொம்பில் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

அவர்கள் சொன்ன நாள் வரைக்கும் தங்கிவிட்டுத்தான் கிளம்பினார்கள். போகும்போது அந்தப் பெண் பலகையைப் பார்த்துக் கேட்டாள். “அங்கிள், நாய் வரலாம், குதுரை வரலாம்னு போட்டிருக்கீங்க. ஹசு ஏன் இல்ல?”

என் வீட்டுக்காரர் பின்னந்தலையைச் சொறிந்தார். “அது வர்றவங்களுக்கு எழுதுனதும்மா. இவ இங்கயே இருக்கறவ” என்றார்.

எனக்குக் கேட்கட்டும் என்று சொன்னாரா, தெரியவில்லை. ஆனால் சந்தையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் ஞாபகம் வந்துவிடுமோ என்று பயம்.

சந்தை நாளில் காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தரகர் யாரையாவது கூட்டிவரப் போகிறாரோ என்று, அவர் திரும்பும் வரைக்கும் நான், குதிரை போனதும் மறுபடி தகரக்கூரைக்கே வந்துவிட்டிருந்த என் பசுவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தனியாகத்தான் வந்தார். ஸ்கூட்டரில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் புது மின்விசிறி.

“நம்ம ரூமுக்குங்களா?” என்று ஆசையாகக் கேட்டேன்.

“தகரம் சுடுது. பாவம், அதெப்படிப் படுக்கும்?” என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு தென்னைகளுக்குப் பின்னால் நடந்தார்.

எங்கள் அறையில் பழையது இன்னும் கடகடத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பற்றி நான் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.