குளிர்த்தித் தண்ணீரும் கண்ணுக்குள் ஒரு கிண்ணமும்

தபால் கந்தோரில் கடிதம் பிரிப்பது என் வேலை. ஒருநாள் காலையில் புளியந்தீவு என்ற பெயர் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வரியாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. வெல்லாவெளிக் கடிதங்கள் வாழைச்சேனைப் பைக்குள் போகத் தொடங்கியபோது மேலதிகாரி என் கவனக்குறைவைப் பற்றி எல்லோர் முன்னும் பேசினார்.

கண் வைத்தியசாலையில் கண்ணாடியை மாற்றினார்கள். அடுத்தடுத்த வருடங்களிலும் மாற்றினார்கள். கைபேசி பார்ப்பதைக் குறைக்கச் சொன்னார் ஒருவர். கருவிழியின் வடிவத்தை அளக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனையில்தான் அளந்தார்கள். கெரட்டோகோனஸ் (கருவிழி மெலிந்து கூம்புபோல் முன்தள்ளுவது) என்றார்கள். இத்தனை வருடம் எதைத்தான் பார்த்தார்கள் என்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இதற்குக் கண்ணாடி உதவாது. ஸ்கிளீரல் லென்ஸ் (கருவிழியைத் தொடாமல் கண்ணின் வெள்ளைப் பகுதியில் உட்காரும் பெரிய லென்ஸ்) தந்தார்கள். அது ஒரு சின்னக் கிண்ணம். அதற்குள் திரவத்தை நிரப்பி, குனிந்து, சிந்தாமல் கண்ணில் வைக்க வேண்டும். முதன்முதலில் வைத்தபோது எதிர்ச் சுவரில் இருந்த பல்லியின் விரல்கள் தெரிந்தன. அழுதுவிட்டேன்.

அங்கே லென்ஸ் போடப் பழக்கிவிட்ட பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் அரைகுறை. கைச்சாடையில்தான் பாடம் நடந்தது: கையைக் கழுவு, இந்தப் போத்தலில் இருந்து ஊற்று, மிக மிகச் சுத்தமாக இரு. போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. மேலே எறும்பளவு ஆங்கில எழுத்து. லென்ஸைப் போட்ட பிறகு வாசித்திருக்கலாமே என்பீர்கள். போட்ட பிறகு போத்தலையா பார்ப்பேன்? உலகத்தையல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்.

போத்தல் முடிந்தது. எங்கள் மருந்துக் கடைகளில் அது இல்லை. கொழும்பில் இருந்து வர வேண்டும் என்றார்கள். அது வைகாசி மாதம். கண்ணகி அம்மன் கோயிலில் குளிர்த்தி (அம்மனின் வெம்மையைத் தணிக்கும் சடங்கு) முடிந்து, கணவரின் தாயான மாமி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். கண்நோய்க்கு எங்கள் பக்கத்தில் அதுதான் முதல் மருந்து. விரதமிருந்து ஏந்திய தண்ணீர். கிண்ணத்தை அதால் நிரப்பினேன்.

சில நாளில் இடது கண் சிவந்தது. வெளிச்சம் பட்டாலே ஊசி குத்தியதுபோல் வலித்தது. கருவிழித் தொற்று (கிருமி புகுந்து புண்ணாவது) என்று ஊர் வைத்தியசாலையில் படுக்கவைத்து, ஓயாமல் சொட்டு மருந்து விட்டார்கள். கண்ணும் போய் வேலையும் போய்விடுமோ என்று பயந்து கிடந்தேன்.

லென்ஸில் எந்தத் தண்ணீர் ஊற்றினேன் என்று சொன்னதும், அங்கே கண் வைத்தியர் மாமியைப் பார்த்துத்தான் சத்தம் போட்டார். நான் புது லென்ஸோடு காட்டப் போனபோது நல்லது என்று ஒரு சொல்லோடு அனுப்பிவிட்டவரும் அவர்தான்.

"கோயில் தண்ணியக் கண்ணுக்குள்ள ஊத்துற அளவுக்கு மூடநம்பிக்கை. கண் போனா அம்மனா தருவா?"

மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவங்கள ஏசாதீங்க டொக்டர். சுத்தமா இரிக்கோணும் எண்டு காட்டினாங்க. எங்கட ஊட்ட அதவிடச் சுத்தமான தண்ணி இல்ல. போத்தலுக்குள்ள இரிக்கிறது என்ன எண்டு எனக்கு ஆரும் சொல்லல்ல. நீங்க சொன்னீங்களா?"

அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு விளக்கினார்: அது கிருமி நீக்கிய, கெடாமல் இருக்க எந்த மருந்தும் கலக்காத உப்புநீர். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், கொதித்தாறிய தண்ணீர் எதுவும் கூடாது. இவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. முகவரி சிதைந்த கடிதத்தைக்கூட நாங்கள் வீசுவதில்லை. உரியவர் யாரென்று தேடுகிறோம். நோயாளி என்ன, அதற்கும் கீழா?

இந்த லென்ஸ் போடப்போகிறவர்களே, வெட்கப்படாமல் கேளுங்கள். உங்கள் மொழியில் சொல்லும்வரை கதிரையைவிட்டு எழும்பாதீர்கள்.

இடது கண்ணில் தழும்பு தங்கிவிட்டது. லென்ஸ் வைத்தாலும் அதில் புகைதான். வலது கண்ணை நம்பிக் கடிதம் பிரிக்கிறேன். என் நாள் இப்போது லென்ஸ் ஏறும்போது தொடங்கி, கழற்றும்போது முடிகிறது. அதற்குப் பிறகு வீட்டில் உள்ளவர்களைக் குரலால் அறிகிறேன்.

இந்த வைகாசியிலும் மாமி செம்போடு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"லென்ஸக் கழட்டிட்டியா மனே?"

"ஓம் மாமி. உள்ள வாங்க."

என் தலையில் தெளித்தார். தண்ணீர் நெற்றியில் வழிந்தது. அது புருவத்தைத் தாண்டுமுன் தன் சேலைத் தலைப்பால் அவசரமாக ஒற்றி எடுத்தார். அந்த அவசரத்தில் இருந்த பயத்துக்கு இன்றுவரை யாரும் மாமியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.